நானூறு கிலோவுக்கு ஐந்து பேர்

முந்தாநாள் ஒரு அலுமினியத் தகட்டைப் பார்த்து நான் டான்ஸ் ஆடினேன். நிஜமாகத்தான். வயது ஐம்பத்திரண்டு, முழங்காலில் வலி, சுற்றிலும் ஸ்கூல் பிள்ளைகள், ஒரு ஃபிசிக்ஸ் சார்... ஆடியே விட்டேன்.

தகடு அப்படி. இரண்டடி நீளம், முப்பத்தாறு ஓட்டைகள். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

இதற்கா இவ்வளவு என்பீர்கள். மெயின்லேண்டில் இருப்பவர்கள் கேட்கலாம், அங்கே தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. தீவில் இருக்கும் எங்களுக்கு? என் மகள் படிக்கும் பள்ளியின் ரோபாட்டிக்ஸ் டீம் போன வருடம் ரோபோவுக்குத் தகடு வெட்டச் சென்னைக்கு டிராயிங் அனுப்பியது. வானிலை சரியில்லை என்று கப்பல் அங்கேயே நின்றது. ஒருவழியாக வந்து, ஹேடோ துறைமுகத்தில் பார்சலைப் பிரித்தால், ஓட்டைகள் எல்லாம் மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. திருப்பி அனுப்ப நாள் ஏது? போட்டிக்குப் போன பிள்ளைகள் கேலரியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டிவிட்டு வந்தார்கள்.

டீம் கேப்டன் பிரின்சி அன்றைக்கு அழவில்லை. "அடுத்த வருஷம் நாமளே வெட்டுவோம்" என்று மட்டும் சொன்னாளாம். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வருடம் கிடையாது.

அதனால் பேரன்ட்ஸ் எல்லோரும் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவதாக முடிவானது. நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் கமிட்டிக்கு என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். எழுத்துக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின் அது. அதில் இரண்டு ரகம். ஒன்று ரவுட்டர் — வைஃபை பெட்டி இல்லை. அகலமான மேஜை, மேலே அங்கும் இங்கும் ஓடுகிற கட்டர். தகடு வெட்டத் தோதானது, எடை தொண்ணூறு கிலோ. இன்னொன்று மில். சின்ன மேஜை, முரட்டு உடம்பு, எஃகையே செதுக்கும். எடை நானூறு கிலோ.

பிரின்சி கேட்டது ரவுட்டர். "மில் டேபிள் ஒரு அடிதான் ஆன்ட்டி. எங்க தகடு ரெண்டடி. எப்படி வைக்கிறது?"

யார் காதில் விழுந்தது? மில்லின் போட்டோவைப் பார்த்ததுமே நாங்கள் மயங்கிவிட்டோம். அதிலும் பிரின்சியின் அப்பா சேவியர் இருக்கிறாரே... தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஹேடோவில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். இரும்பு விஷயத்தில் அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

"மெஷின்னா கனம் வேணும் மேடம். இந்த ரவுட்டர் என்ன, துணி காயப்போடுத ஸ்டாண்டு மாதிரி இருக்கு. ஏக்தம் பேகார், ஒண்ணுக்கும் ஆகாது. மில்லுதான் பக்கா."

"அப்பா, தகடு அதுல உக்காராது."

"ரெண்டா வெட்டி போல்ட் போட்டுக்கிடலாம் பிள்ள."

கை தூக்கச் சொன்னோம். ரவுட்டருக்கு ஃபிசிக்ஸ் எடுக்கும் மண்டல் சாரின் ஒரே கை. பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை என்று நாங்களே சட்டம் போட்டிருந்தோம். ஆர்டர் அன்று சாயங்காலத்துக்குள் போனால்தான் அடுத்த கப்பலில் மெஷின் ஏறும். அதை விட்டால் மழைக்காலம், போட்டியும் போச்சு. கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

பிரின்சி கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள். "சரி, மில்லே வாங்குவோம். ஃப்ளோர் தாங்குமான்னு மட்டும் பாத்துருவோமா?"

நியாயமான கேள்வி. லேப் இருப்பது பழைய மரக்கட்டடத்தின் மாடியில். கீழே வைக்கலாம் என்றால் மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

சாக்பீஸால் மில்லின் அளவுக்குத் தரையில் ஒரு கட்டம் போட்டாள். நானூறு கிலோ சேரும்வரை ஆட்கள் அதற்குள் ஏற வேண்டும். ஏறுகிறவர் தன் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவள் போர்டில் கூட்டிக்கொண்டே வருவாள்.

சேவியர் முதலில் ஏறினார். "எழுபது." மகள் ஒரு விநாடி அப்பாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுதினாள். மண்டல் சார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "சிக்ஸ்டி எய்ட், தட்ஸ் ஆல்" என்றார். அடுத்து இரண்டு அம்மாக்கள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து. சொல்லும்போது அவர்கள் முகத்தில் அப்படி ஒரு அமைதி.

என் முறை. காலையில்தான் வீட்டில் எடை பார்த்திருந்தேன் — எழுபத்தொன்று. முப்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

"ஐம்பத்தெட்டு" என்றேன்.

நெருக்கியடித்துக்கொண்டு கட்டத்துக்குள் கால் வைத்தேன். தரை முனகியது பாருங்கள்... ஐந்து பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வெளியே குதித்தோம்.

பிரின்சி போர்டைக் காட்டினாள். "முந்நூத்தி மூணுதான் ஆச்சு. இன்னும் தொண்ணூத்தேழு கிலோ பாக்கி இருக்கு. அதுக்குள்ள இப்படி."

நிஜ எடையைச் சொன்னால் கணக்கு நானூறை நெருங்கும், மில் பிழைக்கும்; ஆனால் மானம் போகும். சேவியர் என்னைப் பார்த்தார். நான் மண்டல் சாரைப் பார்த்தேன். மண்டல் சார் ஜன்னலைப் பார்த்தார்.

"ரவுட்டரே போடுங்க மேடம்" என்றார் சேவியர்.

அந்த ரவுட்டர்தான் முந்தாநாள் முதல் தகட்டை வெட்டியது. பிரின்சி முப்பத்தாறு ஓட்டைகளையும் அளந்தாள். கடைசி ஓட்டையை அளந்து முடித்ததும், ஒரு வருடமாக அழாத பெண், தகட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, வெட்டுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. பிரின்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நான் ஐம்பத்தெட்டு இல்லம்மா. எழுபத்தொண்ணு."

"தெரியும் ஆன்ட்டி. அப்பா தொண்ணூத்திரண்டு. இப்பதான் டாக்டர்கிட்ட திட்டு வாங்குனாங்க."

"தெரிஞ்சேவா கூட்டிப் போட்டே?"

"எல்லார் முன்னாடியும் கேட்டா யாரும் நிஜத்தைச் சொல்ல மாட்டீங்கல்ல. ஆளுக்குப் பதினஞ்சு கிலோ குறையும்னு கணக்குப் போட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்புறம்... அந்த இடத்துல அஞ்சு பேர் சேர்ந்து நின்னாலே எப்பவும் முனகும் ஆன்ட்டி. நாங்க தினம் நிக்கிறோம்ல."

எங்கள் ஊரில் கப்பல் சொன்ன தேதிக்கு வராது, மழை சொன்ன நேரத்துக்கு நிற்காது. பெரியவர்களின் பொய் மட்டும் ஒருநாளும் தப்பாது — அதை நம்பி மெஷினே வாங்கலாம்.