பச்சை வருமுன் கிழித்த சீட்டு

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராக வேலை மாறி, ஒரகடத்தில் கார் பாகங்கள் வைக்கும் கிடங்கொன்றில் ஸ்கேனிங்கில் சேர்ந்திருந்தேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் ஓர் அக்காவுக்கும் எனக்கும் ஒரே மேஜை. பெட்டிகளை ஸ்கேன் செய்து லாரியில் ஏற்றியதும், வண்டியை வெளியே விடும் கேட் சீட்டு அச்சாகும். பிறகு திரையில் பச்சை வர வேண்டும். பச்சைக்கு யாரும் காத்திருப்பதில்லை. டிரைவர் ஹாரன் அடிப்பார், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம்.

ஒருமுறை இருப்பு எடுத்தபோது ஒரு லோடு பெட்டிகள் ரேக்கில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. ரேக் காலி. லாரி போன சீட்டு கேட்டில் இருந்தது. அப்படி ஒரு லோடு போன பதிவு மட்டும் இல்லை. பெட்டிகள் போன தொழிற்சாலையோ பதில் சொல்லாமல் இழுத்தடித்தது. கள்ளச் சீட்டு என்றார் சூப்பர்வைசர். ஸ்கேன் செய்தது அக்கா. அவருடைய அடையாள அட்டையை வாங்கிக் கேட்டில் வைத்துவிட்டார்கள். திருட்டுப் பெயர் வந்துவிட்டால் இந்தச் சாலையில் வேறெந்தக் கேட்டும் திறக்காது.

மென்பொருள் எழுதும் பெண் சென்னையிலிருந்து வந்து, எங்கள் மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்தார்.

"இன்னா மேடம், வண்டி போய்ச்சி, பெட்டி மட்டும் உள்ள கீதுன்னு சொல்லுது உங்க மிஷினு. பெட்டிக்கு வூட்டு ஞாபகம் வந்து திரும்பிகினு வந்துச்சா?" என்றார் அக்கா.

"கிட்டத்தட்ட அதான்க்கா நடந்திருக்கு. இருங்க, காட்டுறேன்."

கடைசி லேபிளை வேண்டுமென்றே கெடுத்து ஒரு சோதனை லோடு ஓட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் இருப்பு குறைந்தது. சீட்டு அச்சாகி வந்தது. பிறகு கடைசி லேபிளைச் சரிபார்க்கையில் திரை சிவந்தது. குறைந்த இருப்பு முழுவதும் ஒரே நொடியில் பழைய எண்ணுக்குப் போய் நின்றது, யாரும் தொடாதது போல.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பட்டினி கிடந்த நாளை இல்லாத நாளாக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை.

"முழு லோடும் கம்ப்யூட்டருக்கு ஒரே கணக்கு, ஒரே டிரான்ஸாக்‌ஷன். நடுவுல எது தோத்தாலும் எல்லாமே ரோல்பேக் ஆகி, பழையபடிக்கே போய்டும்," என்றார் அவர். "ஆனா சீட்டு அடிக்கிற ஜாவா புரோகிராம், உள்ளேயே தனக்குன்னு புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சு, முடிச்சிடுது. அது முடிஞ்சா முடிஞ்சதுதான். வெளிய இருக்கறது விழுந்தாலும் இது அதோட சேர்ந்து விழாது."

ஒன்றுக்குள் ஒன்று. எது எதோடு விழ வேண்டும், எது தனித்து நிற்க வேண்டும் என்று முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண், எல்லாம் முடிந்து பச்சை வந்த பிறகே சீட்டு அச்சாகும்படி மாற்றி, அதே லோடை மறுபடி ஓட்டினார். திரை சிவந்தது. பிரிண்டர் அசையவில்லை.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். அவரே கேட்டுக்குப் போய் அட்டையை வாங்கி வந்து நீட்டினார். அக்கா கை நீட்டவில்லை.

"நான் திருடி இல்லன்னு மிஷினு சொல்லிச்சி. நீ எப்ப சொல்லுவ சார்?"

"எல்லாரும் நிக்கையில சொல்லுதேம்மா."

அடுத்த ஷிப்ட் வரிசை கட்டியபோது சொன்னார். அதன் பிறகுதான் அக்கா அட்டையைக் கழுத்தில் மாட்டினார்.