எட்டு வாரங்களும் மங்கையர்க்கரசி மேடமும்

செவ்வாய்க்கிழமை காலை திருவெறும்பூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது தொலைபேசி வந்தது. பேசியவர் மங்கையர்க்கரசி மேடத்தின் தம்பி இளங்கோ. "சார், அக்கா தவறிட்டாங்க" என்றார். எப்போது, எங்கே என்று நான் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நுரையீரலா?"

"இல்லைங்க, ஹார்ட். காலைல காபி போடும்போது விழுந்துட்டாங்க."

என் நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே அப்படி லேசானதற்காக வெட்கப்பட்டேன். பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் மேடத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் மங்கையர்க்கரசி பதினேழு ஆண்டுகள் எங்கள் நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகள். குள்ளமான உருவம், புடவைக்குக் கீழே எப்போதும் கான்வாஸ் ஷூ. காசநோய்க் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும் நம் இரத்த அணுக்கள் ஏன் பல சமயம் அதைக் கொல்லாமல் விட்டுவிடுகின்றன என்பதே அவருடைய கேள்வி. அதற்காக உயிருள்ள கிருமிகளோடு நாங்கள் தினமும் வேலை செய்தோம்.

ஆய்வகப் பொறுப்பாளர் வேலைக்கு நான் நேர்காணலுக்குப் போனபோது அவர் என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கடைசியா நீங்க செஞ்ச தப்பு என்ன?" என்று மட்டும் கேட்டார். பழைய வேலையில் ஒரு பெட்டி கண்ணாடித் தகடுகளை உடைத்துவிட்டு, வரும்போதே உடைந்திருந்தது என்று எழுதி வைத்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஆட்களை அவர் நடத்திய விதம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை, நாங்கள் ஓராண்டாக எதிர்பார்த்த முடிவு ஒரு சோதனையில் கிடைத்தது. நாங்கள் இனிப்பு வாங்கக் கிளம்பினோம். மேடம் குழாய்களின் பெயர்ச் சீட்டை மறைத்து, அதே சோதனையை வேறு மூன்று பேரைச் செய்யச் சொன்னார். மூவருக்கும் அந்த முடிவு வரவில்லை. "நமக்கு வேண்டியது கிடைக்கும்போதுதான் நிறைய சந்தேகப்படணும்" என்று சொல்லி, எழுதி முடித்திருந்த கட்டுரையை மூடி வைத்தார். முதலில் செய்தவர் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மேடம் அதற்காக வருத்தப்பட்டார், ஆனால் கட்டுரையை அனுப்பவில்லை.

நான் சொல்ல வேண்டியது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரை மாதத்தைப் பற்றி.

கிருமிகளைக் கையாளும் வேலையை ஒரு பாதுகாப்புப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் செய்வோம். அது காற்றை உள்ளே இழுத்து வடிகட்டும். கிருமி நம் முகத்துக்கு வராது. இழுப்பு குறைந்தால் அலாரம் அடிக்கும். அந்த வாரம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அலாரம் காது கிழிய அடித்தது. நான் அதன் ஒலியை நிறுத்தினேன். மாலையில் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து வருடாந்திரச் சோதனைக்கு இயந்திரப் பொறியாளர் வந்தார். பெட்டியின் வாயருகே மெல்லிய புகையைப் பிடித்துக் காட்டினார். உள்ளே போக வேண்டிய புகை மெதுவாகச் சுருண்டு எங்கள் முகத்தை நோக்கி வந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். மோட்டார் பழுதாகியிருந்தது. எத்தனை நாளாக என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

மேடம் எங்களை வெளியேற்றி அறையைப் பூட்டினார். அவரையும் சேர்த்து ஆறு பேர் அந்தப் பெட்டியில் வேலை செய்திருந்தோம். அதில் ஷமீமா என்ற ஆய்வாளர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் மேடம். "எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கும் இருக்கும். அதை ஒளிச்சு வெக்க வேண்டாம். இன்னைக்கு எல்லாருக்கும் இரத்தம் எடுக்கணும். எட்டு வாரம் கழிச்சு மறுபடியும் எடுக்கணும். அதுவரைக்கும் நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது." பிறகு கேட்டார்: "அலாரம் ஏன் அடிக்கலை?"

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஷமீமா ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்வது கடினம். நோய் வெளிப்படாதவரை யாருக்கும் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். ஆனாலும் பிள்ளைகளை அருகில் விடாமல் மொட்டை மாடியில் படுத்தேன். என் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தேன். என் மனைவி, "என்னதான் ஆச்சு உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்" என்று அழுதாள். சின்ன மகள் தும்மினால் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

ஒன்பதாம் நாள் மேடத்தின் அறைக்குப் போனேன். நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். "அலாரத்தை நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஆரோக்கியசாமி, ஒன்பது நாளா ஷமீமா என்கிட்ட தினமும் ஒரே கேள்வியக் கேக்கறா. அலாரம் தானா கெட்டுப்போச்சா, இல்ல அவ கை பட்டு நின்னுபோச்சான்னு. பொண்ணு தூங்கறதில்லை. அவகிட்ட போய் நீங்களே சொல்லுங்க. நானும் கூட வரேன்."

"வேலை போயிடும் மேடம்."

"போகலாம். போகாம இருக்க என்னால ஆனதைப் பார்க்கறேன். சத்தியம் பண்ண முடியாது. ஆனா அறிக்கையில முதல்ல என் பேருதான் வரும். வாரத்துக்கு ஒரு தடவை அந்த அலாரத்தை அடிக்கவிட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கலை."

அன்று பிற்பகலே பாலக்கரையில் ஷமீமாவின் வீட்டுக்குப் போனோம். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க மூஞ்சிய இப்ப என்னால பாக்க முடியலண்ணே. போங்க" என்று மட்டும் சொன்னார். நான் வெளியே வந்து படியருகே நின்றேன். மேடம் உள்ளேயே இருந்தார். ஒரு மணி நேரம் ஷமீமாவின் அழுகைதான் கேட்டது. மேடத்தின் குரல் கேட்கவே இல்லை.

எட்டு வாரம் முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து முடிவைக் கையில் கொடுத்தார். எனக்குத் தொற்று இல்லை. ஷமீமாவுக்கும் இல்லை. ஐந்து பேருக்கும் இல்லை. பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, "எனக்கு இருக்கு" என்றார்.

"கிருமி உள்ள இருக்கு, நோயா மாறலை. மருந்து சாப்பிட்டா சரியாயிடும். முதல் தடவை பார்த்தப்பவே லேசா சந்தேகமாத்தான் இருந்தது. என் அப்பாவுக்கு டி.பி. இருந்தது, சின்ன வயசுல அவர்கிட்டேர்ந்து வந்திருக்கலாம், இங்கேர்ந்தும் வந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." என்னைப் பார்த்து, "உங்களாலயும் சொல்ல முடியாது. அதனால சொல்லாதீங்க" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் கிருமி அறைக்குள் நுழையத் தடை. வேலை தப்பியது. மேடம் நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அந்த மருந்து உடம்பிலிருந்து வரும் நீரையெல்லாம் ஆரஞ்சு நிறமாக்கும். ஒருநாள் அவர் கண்ணைத் துடைத்துக் கீழே வைத்த கைக்குட்டையில் இரண்டு ஆரஞ்சுக் கறைகளைப் பார்த்தேன். தூசி விழுந்ததா, அழுதாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் ஷமீமாவுக்கு ஆரோக்கியமான பெண் குழந்தை பிறந்தது. என் பயம் மட்டும் போகவில்லை. மேடம் இருமினால் எத்தனை தடவை என்று மனதுக்குள் கணக்கு வைப்பேன். ஒருமுறை ஆய்வகத் தாழ்வாரத்தில் இருமிக்கொண்டே திரும்பி, "எண்ணாதீங்க. கேன்டீன்ல மிளகாய் வறுக்கறாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே நுழையக் கால் வரவில்லை. வாசலில் நின்றிருந்த ஷமீமா, "உள்ள போங்கண்ணே" என்றார்.

இளங்கோ என்னைத் தனியே அழைத்துப் போனார். "போன்ல ஏன் சார் நுரையீரலான்னு கேட்டீங்க?"

சும்மா கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "எங்ககிட்ட சத்து மாத்திரைன்னாங்க" என்றார். எங்களிடம் எதையும் மறைக்காதவர் வீட்டில் மறைத்திருக்கிறார். உடன்பிறந்தவர் பயப்படுவதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை போலும்.

"இன்னைக்குப் போய் இதைச் சொல்றீங்களே சார்" என்றார் இளங்கோ. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தூக்கும் நேரம் வந்தபோது என்னைத் தேடி, "அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

கொள்ளிடக் கரையில் வெயில் தணிந்திருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். நான் ஒதுங்கி நின்றேன். இளங்கோ அழைத்தார். கைநிறைய அரிசியோடு குனிந்தபோது என் கை நடுங்கியது. பாதி மணலில் சிந்தியது. இளங்கோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கை நின்றது. மீதி அரிசியைச் சிந்தாமல் போட்டேன்.

போய் வாருங்கள், மேடம்.