ஒழுங்கை ஒடுங்கும் இடம்

சித்திரம் படிப்பிக்கிறவள் நான். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதைக் கரும்பலகையில் கீறிவிட்டு, உண்மையில் அவை சேர்வதில்லை, கண்ணுக்குத்தான் அப்படி என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பாடத்தை வகுப்புக்கு வெளியே ஒரே ஒருமுறைதான் எடுத்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மானிப்பாயில் பெரிய தெருவிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு ஒரு அக்காவுடையது. கணவருக்குப் பாரிசவாதம், பேச்சும் போய்விட்டது. கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஓட்டோ பிடித்தால், ஓட்டோக்காரர் ஒழுங்கைக்குள் வரமாட்டேன் என்கிறார்.

"ரீச்சர், எங்கடை படலையடிக்கு வர வர ஒழுங்கை ஒடுங்குது போல கிடக்கு. ஒருக்கா அளந்து பாப்பமோ?" என்று எங்கள் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக் கிளுவை வேலியை எடுத்துத் தகரம் அடித்தபோது, வேலியோரம் நின்ற எலுமிச்சையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, அக்கா வீட்டுப் பக்கத் தூண்களை ஒழுங்கைக்குள் தள்ளித்தான் நட்டோம். தூண்களுக்கு நேர் பார்த்த நூலின் ஒரு நுனியைப் பிடித்தவளே நான். ஆனாலும் கொப்பியை எடுத்தேன். கண் மட்டத்தில் ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி, புள்ளியை நோக்கி இரண்டு வேலிகள்.

"பாருங்கோ அக்கா, எந்த ஒழுங்கையும் தூரத்திலை இப்பிடித்தான் தெரியும்."

அப்படியென்றால் அவருடைய வாசல் படலையில் நின்று பார்க்கும்போது எங்கள் பக்கமல்லவா ஒடுங்கவேண்டும்? அவர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. "நான் ஒரு விசரி" என்று சிரித்துக்கொண்டே போனார்.

போன மாதம் அவரும் ஓட்டோக்காரரும் கணவரைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். மனம் கேளாமல் நானும் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"அன்ரி, இதிலை ஒழுங்கை உண்மையாவே ஒடுங்கித்தான் கிடக்கு" என்றார் ஓட்டோக்காரர், மூச்சு வாங்க.

"இல்லைத் தம்பி, உது கண்ணுக்கு அப்பிடித் தெரியிறது. ரீச்சர் எனக்குக் கீறிக் காட்டினவ."

அந்த நேரம் பார்த்து என் முழங்கையைத் தகரம் கிழித்தது. அக்கா பதறிக் கதிரையை இறக்கச் சொன்னார். "ஐயோ, எங்களாலை உங்களுக்குக் கரைச்சல்" என்று தன் லேஞ்சியால் இரத்தத்தைத் துடைத்தார்.

கதிரையில் இருந்தவர் வேலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூண் நட்ட அன்று தன் படலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அயலுக்குள் சண்டை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, பேச முடிந்த காலத்தில் ஒன்றுமே சொல்லவில்லை.