அத்தா கபரில் தட்டைக் கல்

என் அத்தாவை நான் பார்த்ததில்லை. அம்மா வயிற்றில் நான் இருக்கும்போதே அவர் மவுத்தாகிவிட்டார். படமும் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவருக்கு யார் படம் எடுத்தார்கள்? அவருடைய சட்டை, கைலி எல்லாம் அண்ணன் உடம்பிலேயே கிழிந்து போயிற்று. எனக்கென்று மிச்சம் இருந்தது அவருடைய கபர் ஒன்றுதான். சிங்கப்பூரின் சுவா சூ காங் மையவாடியில், நம்பர் போட்ட வரிசையில் இருக்கிறது. பெருநாள் வந்தால் போவேன். மனசு சரியில்லை என்றாலும் போவேன். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ் மாறி, அப்புறம் வெயிலில் நடக்கணும். போய் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிவிட்டு வந்தால், அத்தாவைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

முதலில் அவரை அடக்கியது பிடாடரியில். அந்த இடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, சொந்தக்காரர்கள் வந்து கபரைக் காட்டினால் எலும்பை எடுத்துப் புது இடத்தில் அடக்கித் தருவோம் என்றார்கள். அம்மாவும் அண்ணனும் போனார்கள். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் லீவு கிடைக்கவில்லை. அத்தா அடக்கத்தின்போது அண்ணன் சின்னப் பையன், ஆனால் கூடப் போனவர். அவர்தான் அடையாளம் காட்டினார் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது என் மகளுக்குக் குடும்ப மரம் போடுகிற ஆசை வந்துவிட்டது. ஆபீசில் யாரோ ஒரு சீனப் பெண் தன் பாட்டன் பூட்டன் வரைக்கும் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறாளாம். இவள் விடுவாளா? சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடக் கூட்டிப்போய், பிரியாணி வருவதற்குள் தன் நன்னாவைப் பற்றி, அதாவது என் அத்தாவைப் பற்றி, ஆரம்பித்துவிட்டாள்.

"ம்மா, நன்னாவோட டெத் சர்ட்டிபிகேட் எங்கே?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறக்கவே இல்லை அப்ப."

"பிறந்தப்புறம் தேடியிருக்கலாம் லா."

எனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. மகளிடம் சுத்தமாக வராது. லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தாள். நம்பர் சீட்டு எடுத்து உட்கார்ந்து, கூப்பிட்டதும் எழுந்து போனால், இங்கே இல்லை, அங்கே போங்கள் என்பார்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளைகள் இங்கிலீஷில் கேட்கும்போது நான் மகள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கடைசியில் பழைய பதிவு கிடைத்தது. அந்த வருஷத்தில் அத்தா பெயரில் பல பேர் மவுத்தாகியிருந்தார்கள். எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். எவர் எங்கள் அத்தா என்று எழுதியிருக்கவில்லை. எனக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

"பரவாயில்லை, கபர் நம்பர் இருக்குல்ல, அது போதும்" என்றாள் மகள். கபரைத் தோண்டிய அன்றைக்கு எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து விரலால் பெரிசாக்கிக் காட்டினாள். வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு அம்மா புல்லில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மாவுக்குப் பக்கத்தில் பேர் எழுதாத பழைய கல், பலகை மாதிரித் தட்டையாக.

என் கண் அந்தக் கல் மேலேயே நின்றுவிட்டது. போன வருஷம் என் வீட்டுக்காரர் மவுத்தாகி, வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா முடிந்தபிறகு கபருக்குக் கல் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார மலாய்க்காரர் முதலில் கேட்ட கேள்வியே, ஆம்பளையா பொம்பளையா என்பதுதான். ஆம்பளை என்றால் உருண்டைக் கல்லாம். பொம்பளை என்றால் தட்டைக் கல்லாம். இத்தனை வயசுக்கு அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். நம் வீட்டுப் பெண்கள் கல் வாங்கப் போனதில்லையே.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லை. தலைவலி."

அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்தக் கபரும் அவருடையது இல்லை என்றால் எனக்கு அத்தா என்று என்ன இருக்கிறது? வார்த்தை மட்டும்தான். அதையும் நான் யாரையும் பார்த்துக் கூப்பிட்டதில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு கேலாங்கில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினிதான் கதவைத் திறந்தார்.

"வாங்க நாத்தனாரே! பிறை தெரிஞ்சாத்தான் உங்களையும் பார்க்க முடியும் போல."

"கால் வலி மதினி."

"எனக்கு மட்டும் என்ன, புதுசா ரெண்டு கால் வாங்கி மாட்டியிருக்கா? உள்ள வாங்க. உங்க அண்ணன் டிவிக்கு முன்னாலதான் இருக்கார். தொழுகையை விட்டா வேற எதுக்கும் எந்திரிக்க மாட்டார்."

அண்ணனுக்குக் காது மந்தம். ஆனால் அது கேட்டுவிட்டது. "தங்கச்சி, என்னைப் பத்தி என்ன சொல்றா இவ?"

"நல்லாத்தான் சொல்றாங்க அண்ணே."

"அப்ப அது நான் இல்லை" என்றார்.

டீயைக் குடித்து முடித்தேன். அப்புறம் படத்தை நீட்டினேன். அண்ணன் கையைத் தூரமாக நீட்டி வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கல்லு தட்டையா இருக்குண்ணே. இது பொம்பளைங்க கபருக்கு வைக்கிறது."

முதலில் பேசியது மதினிதான். "அதெல்லாம் மலாய்க்காரங்க வழக்கம் லா. நம்ம ஆளுங்களுக்கு அப்ப என்ன தெரியும்? கிடைச்ச கல்லை நட்டுட்டு வந்திருப்பாங்க."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"கல்லை விடு. இடத்தைக் காட்டினது நான் இல்லை. அம்மாதான்."

"அம்மா எப்படிக் காட்டும்? அம்மா இத்தாவில இருந்துச்சு. அடக்கத்துக்கு வரவே இல்லையே."

"அதான்" என்றார் அண்ணன்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். வேலிக்குப் பக்கத்தில், மரத்தடியில் என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். போய்ப் பார்த்தால் வேலி மாறியிருந்தது, மரமும் இல்லை. வரிசையாகப் பேர் இல்லாத கல்லுகள். மண்வெட்டியோடு ஆட்கள் நிற்கிறார்கள். பின்னால் வேறு குடும்பங்கள் காத்திருக்கின்றன. அண்ணன் இங்கேயும் அங்கேயும் நடந்துவிட்டுத் தெரியலைம்மா என்று சொல்ல வந்தாராம். அதற்குள் அம்மா ஒரு கபருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதுதான் என்று சொல்லிவிட்டார்.

"திரும்பி வரும்போது கேட்டேன். ஏம்மா, உனக்கு எப்படித் தெரியும்னு. அதுக்கு அம்மா சொல்லுச்சு, யாரும் கேட்டு வராத கபருடா, நாம எடுத்துக்குவோம். உங்க அத்தாவையும் யாராச்சும் இப்படி எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க."

மதினி கூட இதைக் கேட்டதில்லை போல. டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"நீ ஒவ்வொரு தடவையும் போயிட்டு வந்து, அத்தாவைப் பார்த்துட்டு வந்தேன்னு போன் பண்ணுவ. நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அம்மா மேலா? அவரும் மவுத்தாகி, அவர் கபரும் இப்போது சுவா சூ காங்கில்தான் இருக்கிறது, அவரிடம் போய் என்ன கேட்பது? ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். வந்து படுத்தவள்தான். சோறுகூட வைக்கவில்லை.

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். அப்புறம், "இப்பல்லாம் எலும்பை வச்சே டெஸ்ட் பண்ணலாம்மா" என்றாள்.

"ஒரு தடவை தோண்டினது போதும்."

"அப்ப நன்னாவுக்கு என்ன போட?"

"பேரைப் போடு. எங்கே அடக்கம்ங்கிற இடத்துல ஒண்ணும் போடாதே."

"கட்டம் காலியா இருக்குமேம்மா."

"இருக்கட்டும்."

அதற்கப்புறம் நான் சுவா சூ காங் பக்கம் போகவில்லை. யாரோ ஒருத்தருக்காக நான் எதற்கு பஸ் மாறி, வெயிலில் நடந்து, முட்டி வலிக்க உட்காரணும்? வீட்டுக்காரர் கபருக்குக்கூட மகளையே போகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டிலேயே யாசீனை எடுத்து வைத்துக்கொள்வேன். அத்தாவுக்கு என்று நினைத்து ஓத ஆரம்பிப்பேன். எந்தப் பக்கம் நினைப்பது என்று தெரியாது. அவர் மூட்டை தூக்கின துறைமுகத்தையா, பிடாடரியில் எழும்பியிருக்கிற புது வீடுகளையா? பாதியில் மூடி வைத்துவிடுவேன்.

பெருநாள் நெருங்கியபோதுதான் அம்மா சொன்னது வேறு மாதிரிப் பட்டது. அத்தாவை யாராவது எடுத்துப் போயிருந்தால், அந்த வீட்டிலும் என்னைப் போல ஒரு கிழவி இருப்பாள். தன் சொந்தம் என்று நினைத்துப் புல்லைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றுவாள். அவளுக்கு ஒருநாள் விஷயம் தெரிந்து, எனக்கென்ன என்று அவள் வராமல் போய்விட்டால்?

மறுநாள் காலையில் போனேன். அதே பஸ்தான், அதே நடைதான், கால் வலியும் அப்படியேதான் இருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். கடைசியாக அந்தக் கபருக்கு வந்தேன். நான் வராத நாளில் புல் மண்டிப் போயிருந்தது. அடக்கமானது ஆம்பளையோ பொம்பளையோ, இத்தனை வருஷமும் என் அத்தாவுக்கு என்று நான் ஓதியதையெல்லாம் இவர்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குனிந்து பிடுங்க ஆரம்பித்ததில் மூச்சு வாங்கியது.

பக்கத்துக் கபரில் என் வயசு மலாய்க்கார அம்மா ஒருத்தர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார். யார் இவர், அப்பாவா என்று மலாயில் கேட்டார்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"கெலுவார்கா" என்றேன். குடும்பம்.

அவர் தலையாட்டிவிட்டுத் தன் ஓதலுக்குத் திரும்பினார். நான் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியைக் கபரில் ஊற்றினேன்.