அத்தான் அடிக்காத நாள்

அக்கா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுடைய மேல் லயத்துக்கு ஏறி வந்தபோது, என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அத்தான் குடித்தால் கை நீட்டுவார். முன்பு உதடு கிழிந்திருக்கிறது, ஒரு பல் போயிருக்கிறது, ஒரு காது சரியாகக் கேட்காமல் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும், “அவரு அடிக்கல, வழுக்கி விழுந்துட்டேன்” என்பாள்.

இந்த முறை “அவரு அடிக்கல” என்று மட்டும் சொன்னாள்.

“இன்னைக்கு வழுக்கக்கூட இல்லையா?” என்றார் அண்ணன். அடுப்படியில் கிடந்த தேயிலை விறகில் தடிமனான ஒன்றை எடுத்துக்கொண்டு, அத்தான் இருந்த கீழ் லயத்துக்கு இறங்கினார்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். எதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பழக்கம். இமை வீங்கியிருந்தது, கன்றிப்போகவில்லை. எலும்பை அழுத்தினேன், வலிக்கவில்லை. வீக்கம் நேற்றுப் புருவத்தருகே இருந்ததாம், இன்று மூக்கோரம். போன் வெளிச்சத்தில் இமையை விரித்தேன். வெள்ளை விழியின் மேல்தோலுக்கடியில் நூல் போன்ற ஒன்று நெளிந்து, கருவிழிப் பக்கம் நகர்ந்தது.

“உள்ள என்னமோ ஓடுதுன்னு சொல்ல வந்தேன். யாரு கேட்டீங்க?” என்றாள்.

கீழே ஓடினேன். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், ஓடும் தண்ணீரில் அத்தான் கிடந்தார். வலது முன்கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. வாயெல்லாம் இரத்தம். அண்ணன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அவரு அடிக்கல. கண்ணுல புழு.”

அண்ணன் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அத்தானின் முதுகில் இன்னொன்று போட்டார்.

“இது பல்லுக்கு.”

அக்காவையும் அத்தானையும் ஒரே ஓட்டோவில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து விட்டு, டாக்டர் சின்னதாகக் கீறி இடுக்கியால் பிடித்தார். புழு உள்ளே இழுத்தது, அவர் வெளியே இழுத்தார். விரல் நீளம் வந்தது. கிண்ணத்தில் விழுந்தும் சுழன்றது. நாய்களின் தோலுக்கடியில் வாழும் புழு, இரத்தம் குடிக்கும் நுளம்பு கடித்து மனிதருக்கும் வந்துவிடும் என்றார். பார்வைக்கு ஆபத்தில்லை.

வெளியே அத்தான் முறிந்த கையில் மாக்கட்டோடு நின்றார்.

“இப்ப லயத்துல எல்லாருக்கிட்டயும் சொல்லு, நான் அடிக்கலன்னு.”

“சொல்றேங்க,” என்றாள் அக்கா. “இந்தத் தடவ அடிக்கலன்னு சொல்றேன். மத்த தடவ நடந்ததையும் சேத்துச் சொல்லிடுறேன்.”

அவர் நல்ல கையை ஓங்கினார். அக்கா கட்டுப்போட்ட கண்ணைக்கூட மறைக்கவில்லை. மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கை மெல்ல இறங்கியது.

அக்கா என்னோடு ஓட்டோவில் ஏறினாள். “மேல் லயத்துக்கு,” என்றாள் ஓட்டுநரிடம்.