கோமா மாமாவுக்கு வேலை இருக்கிறது

ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் கோமா மாமா. சேனலின் பெயர்போன எட்டு மணித் தொடரில், நினைவு தப்பிய குடும்பத் தலைவராக ஒன்பது வருஷம் கண்ணை மூடிப் படுத்திருந்தவர். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை அசையாது. அந்தத் திறமையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தொடர் முடிந்தது. பார்க்கிறவர்கள் வேறு சேனலுக்குத் தாவிவிடக் கூடாதே! அதே வீட்டுக்கு வேறு பெயின்ட் அடித்து, அதே எட்டு மணிக்குப் புதுத் தொடர் என்று அறிவித்தார்கள். கட்டில் மட்டும் இடம் மாறவில்லை என்று கேள்விப்பட்ட மாமா, முகச்சவரம் செய்துகொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனார்.

"புதுக் கதையிலயும் நோயாளி உண்டாமே, தம்பி?"

"உண்டு மாமா. நீங்கதான்."

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எப்ப வரணும்?"

"வரவே வேணாம். நீங்க ஒன்பது வருஷம் படுத்தது எங்ககிட்ட பத்திரமா இருக்கு. போர்வைக் கலரை மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திட்டோம். அதுக்கெல்லாம் முதல் நாளே கையெழுத்துப் போட்டுட்டீங்களே!"

"அப்ப பேசற வேஷம் ஏதாச்சும்..."

"அய்யோ, நீங்க எந்திரிச்சுப் பேசினா ஜனங்க பயந்துருவாங்க மாமா."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மனைவி டிவியைப் போட்டாள். பச்சைப் போர்வைக்குள் மாமா நிம்மதியாகப் படுத்திருந்தார்.

"வேலை போச்சுன்னீங்க? அதோ, வேலை பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க!"

நாற்காலியில் இருந்த மாமாவின் மூக்கில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. இனிமேல் தாராளமாக விரட்டலாம். அவருக்குத்தான் கை எழவில்லை.