எனக்கும் ஒரு எக்ஸ்ரே

தாம்பரத்தில் காசநோய் வார்டில் நான் நர்ஸ். "பயமா இல்லையா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பயமில்லாமல் என்ன? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊசி போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். எங்கள் ஆயாம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சிஸ்டர், கெணத்துல முங்குற மாரி மூச்ச புடிச்சிகினு கீறீங்க" என்று கிண்டல் செய்வார். போகப் போகப் பழகியது. நோயாளிக்கு நேர் எதிரே நிற்காமல், காற்று என் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் நேரே பின்பக்கக் குளியலறைதான். மகள் கதவுக்கு வெளியே நின்று, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இவ்வளவு ஜாக்கிரதை பார்க்கிற நாங்கள் ஒன்றை மட்டும் செய்ய மாட்டோம். ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து ஒருத்தி வீட்டில் விசேஷம் வரும், இன்னொருத்திக்குத் தலைவலி வரும், எனக்கு வார்டில் தலைக்கு மேல் வேலை வந்துவிடும். எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடுமே! உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

போன மழைக்காலத்தில் யூகேஜி படிக்கும் மகளுக்கு இருமல் வந்தது. சிரப் கொடுத்தும் நிற்கவில்லை. தூக்கினால் எடை குறைந்த மாதிரி வேறு இருந்தது. "கிளைமேட் மாறுதில்ல, அதான்" என்று கணவரிடம் சொல்லிவைத்தேன். அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"அங்கேர்ந்து வந்திருக்குமோ?"

அங்கேயிருந்து என்றால் என்னிடமிருந்து. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, பல்லாவரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் அவளை அழைத்துப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டியிருக்கலாம். ஆனால் தெரிந்த முகங்களுக்கு முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "வீட்ல, அக்கம்பக்கத்துல, யாருக்காவது டிபி இருக்கா மேடம்?" என்று கேட்டார். தினமும் நான் கேட்கிற கேள்வி.

"நான் டிபி வார்டு நர்ஸ்."

தாடையில் கிடந்த மாஸ்க்கை அவர் மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. கோபப்படவும் முடியவில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"நீங்க கடைசியா எப்ப எக்ஸ்ரே எடுத்தீங்க?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு எக்ஸ்ரேயும், கிருமி தொற்றியிருந்தால் வீங்கும் என்று தோலில் போட்டுப் பார்க்கிற ஊசியும், எனக்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

சொன்ன நாளில் திரும்பப் போனோம். மகள் கையில் ஊசி போட்ட இடம் வீங்கவே இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். "அலர்ஜி இருமல்தான் மேடம், பயப்படாதீங்க" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். மகள் பயந்துபோய் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு என் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். அவர் சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். வலது பக்கம், மேலே, சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. எத்தனை பேர் படத்தில் பார்த்திருக்கிறேன்!

"பழைய தழும்பு. எப்பவோ வந்து, தானாவே ஆறியிருக்கு. சளியில கிருமி இல்ல. இப்ப உங்களால யாருக்கும் ஆபத்தில்ல, மேடம். ஆனா வருஷா வருஷம் எடுத்துப் பாத்துடுங்க."

பேருந்து நிறுத்தத்தில் நின்று கணவருக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லங்க. அலர்ஜிதான்."

"ஸ்தோத்திரம்" என்றார். பிறகு, "உனக்கு?"

"வந்துட்டுப் போயிருக்கு."

"எப்ப?"

இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த வார்டு முழுக்க நடந்திருக்கிறேன். குளித்து வந்த தலை ஈரம்கூடக் காயாமல், இனி பயமில்லை என்று நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்திருக்கிறேன்.

"தெரியலங்க" என்றேன்.